கிருமிக்குக் கை இல்லை

1933 நவம்பர் 26. ஹவுரா ரயில் நிலையம். பாக்குர் ஜமீன் வாரிசான இளைஞர் அமரேந்திர சந்திர பாண்டே கூட்டத்துக்குள் நடக்கிறார். கதர் போர்த்திய ஒருவன் உரசிவிட்டுப் போகிறான். கையில் சுருக்கென்று ஒரு குத்து. பிறகு காய்ச்சல். டிசம்பர் 4இல் சாவு. உயிரோடிருந்தபோது எடுத்த ரத்தத்தை வளர்த்துப் பார்த்ததில் பிளேக் கிருமி. அறிக்கை வந்தபோது ஆள் இல்லை.

உயிரியல் ஆயுதம், பயங்கரவாதம் என்றெல்லாம் இன்று பேசுகிற சொல்லாடலுக்கு நம் மண்ணிலேயே இப்படியொரு முன்கதை இருக்கிறது. ஆனால் கவனிக்க வேண்டியது, கிருமி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பது. அது 'பிளேக்' என்று மட்டுமே சொன்னது. மீதியைச் சொன்னவை பம்பாயின் ஏடுகளும் சாட்சிகளும். டாக்டர் தாராநாத் பட்டாச்சார்யா ஆர்தர் ரோடு தொற்றுநோய் மருத்துவமனையில் பிளேக் கிருமியோடு வேலை செய்தது, எலிகளில் சோதித்தது, மாற்றாந்தாய் வழி அண்ணன் பினயேந்திரா பம்பாயில் அவரோடு தங்கியது எல்லாம் அப்படித்தான் வெளிவந்தன. 1935இல் இருவருக்கும் தூக்கு. 1936இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தடவிய கடிதங்கள். ஐந்து பேர் செத்தார்கள். மரபணுவைப் படித்து, ராணுவ ஆய்வகத்தின் ஒரு குடுவை வரைக்கும் போனார்கள். அந்தக் குடுவையைத் தொடக்கூடியவர்கள் நூற்றுக்கும் மேல். முதலில் சந்தேகிக்கப்பட்டவர் வேறு ஆள், பின்னால் அவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டிவந்தது. குற்றவாளி என்று அரசு சொன்ன புரூஸ் ஐவின்ஸ் 2008இல், வழக்கு நடக்கும் முன்பே தற்கொலை செய்துகொண்டார். அறிவியல் மட்டும் வைத்து மூலத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்று தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2011இல் எழுதியது. கிருமிக்குக் கை இல்லை. கை யாருடையது என்பது எப்போதும் வேறொரு விசாரணை.

அந்த விசாரணை யாருக்கு வாய்க்கிறது? வால்பாறையிலிருந்து இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. பாக்குர் வாரிசு செத்த அதே காலத்தில் இந்த ஆனைமலைத் தோட்டங்களில் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் மலேரியாவில் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ரத்தம் எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லவில்லை. 'காச்சல்ல போயிட்டாங்க' என்பதோடு ஏடு மூடப்பட்டது. இங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அதை 1969இல் 'ரெட் டீ' என்ற நாவலாகத்தான் எழுத முடிந்தது. கீழே கோயமுத்தூரில் பிளேக்கில் செத்த சனங்களுக்கு மிஞ்சியது பிளேக் மாரியம்மன் கோயில். ஜமீனுக்கு ஆய்வகம், சனங்களுக்கு அம்மன்.

இதன் மறுபக்கம் இன்னும் கொடுமை. 2020இல் தப்லீக் ஜமாஅத் மாநாட்டை வைத்து 'கொரோனா ஜிகாத்' என்றார்கள். குடுவை இல்லை, ஏடு இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு மட்டும் தெருவில் தயாராக இருந்தது. வெளிநாட்டவர் மீதிருந்த வழக்குகளை அந்த ஆகஸ்டில் ரத்துசெய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றது. காய்கறி வண்டிக்காரனிடம் 'நீ எந்த ஊரு, என்ன பேரு' என்று கேட்டுத் துரத்தியவர்கள் அதற்குள் தம் வேலையை முடித்திருந்தார்கள்.

தடய அறிவியலை அரசின் கருவி என்று ஒதுக்கிவிட முடியாது. ரத்தத்தைப் பரிசோதி, ஏட்டைக் காட்டு, சாட்சியை நிறுத்து என்று கேட்கும் உரிமை நம்முடையதாகவும் இருக்க வேண்டும். கேட்காத இடத்தில் வதந்தி நீதிபதியாகிவிடும்.