மாட்டுங்கா: நோய் அச்சம் வகுத்த குடியிருப்பு

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக அமைந்திருந்ததை நாம் அறிவோம். கடலை அடுத்த பாக்கத்தில் அயல்நாட்டு வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்தனர். மற்றொன்றில் அரசனும் அந்தணரும் பெருங்குடி வணிகரும் இருந்தனர். இரண்டிற்கும் நடுவே மரநிழலில் நாளங்காடி கூடிற்று. இன்ன தொழிலுக்கு இன்ன தெரு என்று பகுத்து ஊர் அமைப்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. ஆயினும் பம்பாய்க்குப் பிழைப்புத் தேடி வந்த நம்மவர் பலர் குடிபுகுந்த மாட்டுங்கா, மன்னன் ஆணையால் எழுந்த ஊர் அன்று. கொள்ளைநோய் ஒன்றன் அச்சத்தால் எழுந்த ஊர் அது.

1896ஆம் ஆண்டு செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் தோன்றியிருப்பதை டாக்டர் வியேகாஸ் கண்டறிந்தார். சில மாதங்களில் நகரமே நடுங்கியது. மக்கள் கூட்டங்கூட்டமாய் ஊரை விட்டு ஓடினர். இருட்டும் ஈரமும் நெரிசலுமே நோயின் வித்து என்று அன்றைய அதிகாரிகள் நம்பினர். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கண்டு சொன்னபோதும் அதனை உலகம் உடனே ஏற்கவில்லை. ஆகவே, நோயின் காரணத்தை முழுதும் அறியாத நிலையிலேயே அதற்கு மருந்தாக வெளிச்சமும் காற்றும் விதிக்கப்பட்டன. கணக்கு முழுதும் சரியன்று. ஆயினும் அதன் விளைவாய்க் கிடைத்த வெளிச்சத்தைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

அதே 1898இல் சட்டம் ஒன்று இயற்றப்பட்டுப் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. நெரிசல் மிக்க பகுதிகளை இடிக்கவும், நிலத்தைக் கையகப்படுத்தவும், அகன்ற சாலைகள் போடவும் அதற்கு அதிகாரம் தரப்பட்டது. கடற்காற்றை நகரின் உள்ளே கொணர்வதற்கென்றே பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் வெட்டப்பட்டன. ஆனால் இடிப்பு நடந்த வேகத்தில் மாற்று வீடுகள் எழவில்லை. வீடிழந்த ஏழைகள் பக்கத்துச் சால்களில் போய் அடைந்தனர். ஓரிடத்து நெரிசல் இன்னோரிடத்திற்குப் பெயர்ந்தது.

டிரஸ்டின் இன்னொரு திட்டமே நமக்கு உரியது. நகரின் வட எல்லையில் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்களில் பரந்த நிலத்தை எடுத்துப் புதிய குடியிருப்புகளை வகுக்க 1899-1900இல் திட்டம் தீட்டப்பட்டது. தாதர்-மாட்டுங்காப் பகுதியில் மட்டும் 60,000 பேரைக் குடியேற்றுவது நோக்கம். அன்று அங்கே வயல்களும் சிற்றூர்களுமே இருந்தன. பண்டை அரசன் ஒருவனின் யானைகள் கட்டப்பட்ட இடம் ஆதலால் மாதங்கம் என்னும் சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்று செவிவழிக் கதை ஒன்று உண்டு. யானையை மாதங்கம் என்று அறிந்த நமக்கு அது இனிக்கவே செய்யும். வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத் தேவையில்லை.

இத்திட்டத்தின் உயிர்நாடி குத்தகைப் பத்திரத்தில் இருந்தது. டிரஸ்ட் மனைகளை விற்றுவிடவில்லை. நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. மனையில் எவ்வளவு பகுதியில் கட்டலாம், எத்தனை மாடி எழுப்பலாம், சுற்றிலும் எவ்வளவு இடம் வெறுமையாய் விடவேண்டும் என்பன பத்திரத்திலேயே எழுதப்பட்டன. நகராட்சி விதியை மீறினால் அபராதம் கட்டித் தப்பலாம். குத்தகை நிபந்தனையை மீறினாலோ மனைக்கே ஆபத்து. காகிதத்தில் மட்டும் வாழும் சட்டத்திற்கும் நடைமுறையில் பல் உள்ள சட்டத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

டிரஸ்டின் தலைவராக இருந்த ஓர் என்பவர் 1910களில் வற்புறுத்திய கோண விதியை இங்கே சற்று விரித்துரைப்போம். ஓர் அறையின் வெளிச்சுவர் அடியிலிருந்து எதிர்க்கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு வரைந்தால், அக்கோடு தரையோடு 63½ பாகைக்கு மிகாத கோணத்தில் அமையவேண்டும். எளிதாகச் சொன்னால், எதிரே உள்ள கட்டடம் 40 அடி உயரமானால் இடையே 20 அடி வெளி வேண்டும். 1894ஆம் ஆண்டு லண்டன் கட்டடச் சட்டம் வீட்டின் பின்புற வெளிக்கு விதித்த கோணமும் இதுவே. 45 பாகை என்று வைத்தால் உயரத்திற்குச் சமமான வெளியை விடவேண்டும். பம்பாயின் நில விலைக்கு அது கட்டாது. உடல்நலத்திற்கும் பணத்திற்கும் இடையே செய்துகொண்ட உடன்படிக்கைதான் இந்த 63½. கீழ்த்தளத்து அறையில் இருப்பவனும் வானத்தைச் சிறிதேனும் காண உரிமை உடையவன் என்று ஒரு பொறியியல் கணக்கு ஒப்புக்கொண்டது.

மனைகள் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. முதல் உலகப் போருக்குப் பின்னரே கட்டட வேலை விரைவுற்றது. அந்நாளில் மேலைநாடுகளில் பேசப்பட்ட தோட்ட நகரக் கருத்தின் சாயல் திட்டத்தில் இருந்தது. ஆனால் தனித்தனித் தோட்ட வீடுகளால் மாட்டுங்கா நிரம்பவில்லை. மனை பிடித்தோர் வாடகை வருவாயை எண்ணித் தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கொண்ட ஃபிளாட் கட்டடங்களையே பெரும்பாலும் எழுப்பினர். தோட்டம் வராவிடினும் அதற்குரிய வெளியும், சாலையோர மரங்களும், ஐந்து பூங்காக்களும் எஞ்சின.

1925இல் பம்பாயில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் அமர்ந்த நம்மவர்க்கு மாட்டுங்கா கைக்கெட்டும் ஊராயிற்று. மாதச் சம்பளம் வாங்கிய அவர்களை நம்பி உரிமையாளர் வாடகைக்கு விட்டனர்.

ஃபிளாட் என்பது அவர்களுக்கும் புதுமைதான். கழிப்பறை வீட்டுக்குள்ளேயே, அடுக்களைக்குச் சில அடி தொலைவில் இருப்பது ஊரில் நினைக்கவும் இயலாதது. அதனைப் பின்சுவரை ஒட்டி வைத்து, துப்புரவுத் தொழிலாளர் வந்துபோக வெளிப்புறத்தில் இரும்புச் சுழற்படி அமைத்த கட்டடங்கள் பல. காற்றுக்காக விடப்பட்ட அதே பின்வெளியில் தீண்டாமையும் ஒரு வழி கண்டுகொண்டது என்பதை மறைப்பதில் பொருளில்லை.

குடிகள் பெருகவே நிறுவனங்கள் எழுந்தன. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952இல் தொடங்கிய சண்முகானந்த சபையின் பேரரங்கம் 1963இல் திறக்கப்பட்டது. நம் குழந்தைகள் தமிழ் கற்றதும் நாம் கச்சேரி கேட்டதும் இந்தத் தெருக்களில்தான்.

ஆனால் மாட்டுங்காவை மட்டும் பாடிவிட்டு நிறுத்துவது நீதியன்று. அங்கிருந்து வடமேற்கே நடந்து செல்லும் தொலைவில் தாராவி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர், இசுலாமியரும் ஆதிதிராவிடரும், அந்தச் சதுப்பு நிலத்தைத் தம் கையால் தூர்த்துக் குடியேறினர். அங்குள்ள பிள்ளையார் கோயில் 1913இல் எழுந்தது. மாட்டுங்காவின் பெரும்பாலான ஃபிளாட்டுகளை விட அது மூத்தது. ஒரே மாநிலம், ஒரே மொழி, ஏறத்தாழ ஒரே காலம். ஒரு சாரார்க்குக் கோணம் அளந்து வெளிச்சம் தரப்பட்டது. மற்றவர்க்குக் குத்தகைப் பத்திரமும் இல்லை, கோணமும் இல்லை. நாற்றமுள்ள தொழிலை நகரின் விளிம்புக்குத் தள்ளியதும் ஒருவகை மண்டலப் பகுப்பே. தொழிலோடு தொழிலாளரையும் தள்ளிய பகுப்பு.

1933இல் டிரஸ்ட் மாநகராட்சியோடு இணைந்தது. 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய வாடகையை 1940ஆம் ஆண்டு அளவில் நிறுத்தியது. குடியிருந்தோர்க்கு அது பெரும் காப்பு. ஆனால் பத்து இருபது ரூபாய் வாடகையில் உரிமையாளர் ஓட்டை மாற்றுவாரா, குழாயை மாற்றுவாரா? சுவர்கள் விரிசல் கண்டன. பிள்ளைகள் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் பெயர்ந்தனர். 1960களில் வந்த நகர வளர்ச்சித் திட்டம், எஃப்.எஸ்.ஐ. என்று இன்று எல்லார் நாவிலும் புரளும் தளப்பரப்பு விகிதத்தைக் கொணர்ந்தது. தீவு நகரத்திற்கு 1.33, அதாவது 600 சதுர கஜ மனையில் எல்லா மாடிகளும் சேர்த்து 800 சதுர கஜம். 1991ஆம் ஆண்டு விதிகள் பழைய வாடகைக் கட்டடங்களை இடித்துக் கட்டுவோர்க்குக் கூடுதல் பரப்பு அளித்து, சுற்றுவெளி விடுவதிலும் சலுகை காட்டின. 2018இல் வந்த விதிகளில் அப்பரப்பு மனையின் மூன்று மடங்கையும் கடக்கலாம்.

வாடகைக்கு இருந்தவர் விலையின்றிப் புது வீட்டுக்கு உரிமையாளர் ஆகிறார்; அதனை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எனினும், மூன்றடுக்குக் கட்டடங்களின் நடுவே இன்று கோபுர மாளிகைகள் எழுகின்றன. பழைய வீடுகளில் இன்னும் இருப்போர்க்குக் காலை வெயில் எத்தனை மணிக்கு வரும் என்பது, அடுத்த மனைக்காரர் எத்தனை மாடி எழுப்புகிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.