அம்மாவின் இறுவட்டு

எங்கள் மூத்த அண்ணனின் திருமணம் 1993 ஆம் ஆண்டு கொழும்பில் நடந்தது. ரொறன்ரோவிலிருந்த அக்காவால் வர இயலவில்லை. வீடியோ கசற் ஒன்றை அனுப்பிவைத்தோம். படம் தெரியவில்லை, கோடுகள்தான் ஓடுகின்றன என்று பதில் கடிதம் வந்தது. பிழை கசற்றில் இருக்கவில்லை. இலங்கையின் தொலைக்காட்சி முறை பால். விநாடிக்கு 25 சட்டகங்கள், 625 கோடுகள். கனடாவினது அப்போது என்ரிஎஸ்சி, ஏறத்தாழ 30 சட்டகங்கள், 525 கோடுகள். வெளிநாட்டில் உறவினரைக் கொண்ட பல குடும்பங்கள் இச்சிக்கலை அறிந்திருக்கும்.

வீட்டுப்படம் எடுக்கும் வழக்கம் புதியதன்று. கொடாக் நிறுவனம் 16 மில்லிமீற்றர் சுருளை 1923 இலும் 8 மில்லிமீற்றர் சுருளை 1932 இலும் அறிமுகஞ் செய்தது. அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. 1976 இல் ஜேவிசி வெளியிட்ட விஎச்எஸ் கசற்றே பின்னர் இவ்வழக்கத்தைப் பரவலாக்கிற்று எனலாம். ஆயினும் படச்சுருளைப் போல நாடாவைக் கத்தரித்து ஒட்ட இயலாது. இரு டெக்குகளை இணைத்து வேண்டிய பகுதிகளைப் பிரதி செய்ய வேண்டும். பிரதிக்குப் பிரதி படம் மங்கும். 1995 இல் வந்த டிஜிற்றல் வீடியோ நாடா அக்குறையைத் தீர்த்தது. கணினியில் தொகுக்கலாம். தொகுத்ததை எதில் கொடுப்பது?

டிவிடி இறுவட்டு 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு பயோனியர் வெளியிட்ட பதிவுக்கருவியின் விலை ஏறத்தாழ 17,000 அமெரிக்க டொலர்! 2001 ஜனவரியில் அப்பிள் நிறுவனம், பதிவுக்கருவி பொருத்திய கணினியை ஐடிவிடி மென்பொருளுடன் 3,499 டொலருக்கு அறிவித்தது. விண்டோஸ் கணினிகளுக்கும் இவ்வசதி விரைவில் வந்து சேர்ந்தது.

இங்கே பலர் இடறினர். வீடியோக் கோப்பை இறுவட்டில் வெறுமனே பதிந்தால் கணினி காட்டும். வரவேற்பறைப் பிளேயர் பெரும்பாலும் காட்டாது. ஒரு மணி நேர டிஜிற்றல் நாடா ஏறத்தாழ 13 கிகாபைற். இறுவட்டு கொள்வதோ 4.7. ஆகவே எம்பெக்-2 முறையில் சுருக்க வேண்டும். அம்முறையில் முழுச் சட்டகம் இடைக்கிடையே மட்டும் சேமிக்கப்படும். ஏனையவற்றுக்கு அயற்சட்டகங்களிலிருந்து மாறியவை மாத்திரமே. பின்னர் பிளேயர் தேடும் கோப்புறை அமைப்பில் படத்தையும் பட்டியலையும் அடுக்கி, பதிவை முடித்து மூட வேண்டும். அன்றைய கணினிக்கு ஓர் இரவு வேலை.

2005 இல் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளை இரண்டு மணி நேரம் படம்பிடித்தோம். ஸ்ரூடியோ ஒன்று அதனை 58 நிமிடமாகத் தொகுத்து மூன்று இறுவட்டுகள் தந்தது. "டிவிடிதானே ஐயா, உலகம் முழுக்க ஓடும்" என்றார் தொகுத்த இளைஞர். ஓடவில்லை. இறுவட்டிலும் பால், என்ரிஎஸ்சி வேறுபாடு உண்டென்பதை அவரும் அறியார், நானும் அறியேன். அக்கா கணினியில்தான் பார்த்தார். இதற்கிடையே நாடாக்களின்மேல் வேறு விழாக்களைப் பதிந்துவிட்டோம். அந்தச் சிக்கனம் என்னுடையது.

அம்மா 2016 இல் காலமானார். இங்கிருந்த இரு இறுவட்டுகளையும் எந்தக் கருவியும் வாசிக்கவில்லை. வீட்டில் பதியும் இறுவட்டில் தகவலைத் தாங்குவது ஒருவகைச் சாயப்படலம். வெப்பமும் ஈரப்பதனும் அதனைக் கெடுக்கும். அக்காவின் பெட்டிக்குள் கிடந்த மூன்றாவது பிழைத்திருந்தது. வன்தட்டுக்கு மாற்றினோம்.

கேக் வெட்டியது, மாலையிட்டது, வந்தோர் வரிசை எல்லாம் அதிலுண்டு. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய புதிதில் தனியாகக் கொழும்புக்கு வந்த கதையை அம்மா அன்று இருபது நிமிடம் சொன்னார். நீளம் என்று இளைஞர் கேட்டபோது வெட்டச் சம்மதித்தவன் நான். நாற்பது விநாடி எஞ்சியிருக்கிறது. அனுராதபுரம் வரை வந்துவிட்டார்.