சுப்புரத்தினம் வாத்தியார்

பட்டாபிராமில் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கேட்டால், பாரதிதாசன் கவிஞர் என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அவர் முதலில் வாத்தியார். 1891-இல் பிறந்த கனக. சுப்புரத்தினம், 1909-இல் காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். வயது 18. ஓய்வு பெற்றது 1946-இல். 37 வருஷம்! குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். சம்பளம் கொடுத்தது பிரெஞ்சு சர்க்கார். அவர் சொல்லிக்கொடுத்தது தமிழ். (நான் படித்த பள்ளியில் தமிழ் வகுப்பு, பந்தியில் கடைசி இலை மாதிரிதான்.) ஓய்வு பெற்ற அதே வருஷம், அண்ணா முன்னின்று திரட்டிய 25,000 ரூபாய் நிதியைச் சென்னையில் அவருக்குக் கொடுத்தார்கள். அது கவிஞருக்கு. வாத்தியாருக்கும் அதில் ஒரு பங்கு என்று நான் கணக்கு எழுதிக்கொள்கிறேன். அந்த வாத்தியார் ஓய்வு பெறவும் இல்லை. 1958-இல் ‘இளைஞர் இலக்கியம்’ என்று பிள்ளைகளுக்காகவே ஒரு பாட்டுப் புத்தகம் போட்டார்.