கேமரா பேக் வாங்கப் போறீங்களா? முதல்ல இடுப்பு பெல்ட்டைப் பாருங்க!

கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைப் படம் எடுக்கணும்னா, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கணும். திரும்ப ஏறவும் வேணும். கேமரா, ரெண்டு லென்ஸ், ட்ரைபாட், தண்ணீர், பையோட எடை எல்லாம் சேர்த்தா 7 கிலோ சுலபமா வந்துடும். எனவே, கலரும் டிசைனும் அப்புறம். இதையெல்லாம் முதல்ல கவனிங்க!

இடுப்பு பெல்ட்: எடையில் பெரும்பகுதியைத் தோள் அல்ல, இடுப்பெலும்புதான் தாங்கணும். அதற்கு அகலமான, மெத்தென்ற பெல்ட் தேவை. மெல்லிய நாடா, பை ஆடாமல் இருக்க மட்டுமே உதவும்.

அளவு: கேமரா, ரெண்டு லென்ஸுக்கு 20 லிட்டர் போதும். சாப்பாடு, ஜெர்க்கினும் வேணும்னா 30 லிட்டர். பறவைகளைப் படம் எடுப்பவரா? லென்ஸை அளந்துட்டுப் போங்க. சோனி 200-600 மி.மீ லென்ஸ் மட்டுமே சுமார் 32 செ.மீ நீளம்!

திறப்பு: முதுகுப் பக்கம் திறக்கும் பை பெஸ்ட். சேற்றில் வைத்துத் திறந்தாலும் முதுகில் படும் பகுதி அழுக்காகாது. கூட்டத்தில் பின்னாலிருந்து யாரும் ஜிப்பைத் திறக்கவும் முடியாது.

ஈரம்: சாதாரண பைத் துணி தூறலைத்தான் தாங்கும், மழைக்குத் தனி ரெயின் கவர் அவசியம். வீட்டுக்கு வந்ததும் ஈரப் பையிலேயே கேமராவை விட்டுடாதீங்க. லென்ஸில் பூஞ்சை பிடிச்சா, செலவு பையின் விலையையே தாண்டலாம்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்து ஏமாறாதீங்க. உங்க கேமரா, லென்ஸை உள்ளே வச்சு 10 நிமிஷம் நடங்க, மாடிப்படி ஏறி இறங்குங்க. தோள் வலிச்சா, வேற பை காட்டச் சொல்லுங்க!