சேதாரத்தில் பிறந்த கம்பெனி

கெட்சப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, முதுகில் நாலு சாத்து சாத்தாதவர் யார்? அப்படியும் கொஞ்சம் உள்ளேயே ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகும். அதுவும் காசு கொடுத்து வாங்கியதுதானே!

2012-ல் ஒரு வீடியோ உலகத்தையே சுற்றி வந்தது. பாட்டிலைச் சாய்த்ததும் கெட்சப் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்காரர்கள். பேராசிரியர் கிருபா வாரணாசி, அவருடைய மாணவர் டேவ் ஸ்மித். வாரணாசி நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆய்வுக்கூடத்தின் கவலை கெட்சப் அல்ல. எண்ணெய்க் குழாய்களை அடைக்கும், பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் படிவுகள்!

தத்துவம் எளிது. சுவரின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள். அவற்றுக்குள் ஒரு திரவத்தை ஊறவைத்துப் பிடித்துவைக்கிறார்கள். உள்ளே இருக்கும் சரக்கு சுவரைத் தொடுவதே இல்லை, திரவத்தின் மேல் சறுக்குகிறது. அவ்வளவுதான்.

அதே 2012-ல் 'லிக்விகிளைடு' கம்பெனி பிறந்தது. 2015-ல் எல்மர்ஸ் பசை நிறுவனம் உரிமம் வாங்கியது. 2021-ல் கோல்கேட், ஐரோப்பாவில் இந்தப் பூச்சுள்ள பாட்டிலில் பற்பசையை இறக்கியது.

வீட்டில் வீணாவது ஒரு ஸ்பூன். பெயிண்ட் ஆலையில்? நிறம் மாற்றும்போதெல்லாம் தொட்டிச் சுவரில் ஒட்டியதைக் கழுவிக் கொட்ட வேண்டும். கணக்குப் புத்தகத்தில் 'சேதாரம்' என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்த ஒற்றை வரிக்குள் ஒரு வியாபாரம் இருப்பதைக் கண்டுபிடித்ததுதான் இவர்களின் கெட்டிக்காரத்தனம்.