கற்படுக்கையும் கொடையாளரும்: மதுரைக் குன்றுகளில் தனிமையின் வரலாறு

துறவி என்றதும் ஊரைத் துறந்து, உறவைத் துறந்து, மனிதக் காலடி படாத காட்டினுள் மறைந்த ஒருவரையே நாம் எண்ணிக்கொள்கிறோம். இயற்கையின் மடியில் தனித்திருந்து உள்ளத்தைப் புதுப்பித்துக்கொள்ளுதல் என்னும் வேட்கை மிகத் தொன்மையானது. ஆயின் அவ்வேட்கை நிறைவேறிய விதம் குறித்து நாம் கொண்டிருக்கும் சித்திரம், மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் முன் நிற்கும்போது பெரிதும் மாறிவிடுகிறது. மாங்குளம், அழகர்மலை, கீழவளவு, திருவாதவூர், யானைமலை, திருப்பரங்குன்றம், கொங்கர்புளியங்குளம் முதலிய இடங்களிலுள்ள இயற்கைக் குகைத்தளங்கள் யாவும் மதுரையிலிருந்து ஏறத்தாழ ஒரு நாள் நடைத்தொலைவுக்குள் அடங்குவன. அங்கே ஒருவர் தனித்திருப்பதற்குப் பலர் கூடி உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் பதிவே இன்று கல்லில் எஞ்சியிருக்கிறது. தனித்திருந்தவர் என்ன எண்ணினார், எதை அடைந்தார் என்பதற்கு ஒரு சொல்லும் எஞ்சவில்லை.

இக்குகைத்தளங்களின் அமைப்பு எளிமையானது. சரிந்து நிற்கும் பெரும்பாறையின் அடியில் இயல்பாக உண்டான வெற்றிடமே உறைவிடம். அதன் தரையைச் செதுக்கி வழவழப்பாக்கி, ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குக் கற்படுக்கைகளை அமைத்துள்ளனர். பலவற்றில் தலைமாட்டுப் பகுதி தலையணைபோல் சற்றே உயர்ந்திருக்கும். பாறையின் நெற்றியில் புருவம்போல் நீண்ட காடி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே புகாமல், அக்காடியின் விளிம்பிலேயே சொட்டி வெளியே விழும். எளிய வேலைதான். ஆயினும் கடினப்பாறையில் உளியால் அதைச் செய்ய எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடைமை ஏதுமற்ற துறவியர் கல்தச்சருக்குக் கூலி கொடுத்திருக்க இயலாது.

கொடுத்தவர் யார் என்பதைக் கல்வெட்டுகளே கூறுகின்றன. இவற்றின் மொழி தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் பல்லாண்டுகள் களத்தில் நின்று ஆய்ந்து, 2003இல் அவற்றின் முழுமையான தொகுப்பை வெளியிட்டார். அவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டினதாகக் கணித்த மாங்குளம் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னனின் பெயர் வருகிறது. (பானையோட்டு எழுத்துகளைச் சான்றாகக் கொண்டு தமிழ்ப் பிராமியின் காலத்தை மேலும் முன்னே கொண்டுசெல்வோரும் உளர்.) அம்மன்னனின் பணியாளன் கடலன் வழுதி ஒரு கொடையாளன். வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அஃதாவது வணிகக் குழுவினர், மற்றொரு கொடையாளர். அழகர்மலைக்குச் செல்வோமாயின் மதுரைக் கடைத்தெருவே அங்கே வரிசையாக நிற்பதைக் காண்கிறோம்: பொற்கொல்லன், உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன். அறுவை என்பது துணி, கொழு என்பது ஏர்முனை இரும்பு, பாணிதம் வெல்லப்பாகு. கொங்கர்புளியங்குளத்திலோ உபாசகன் ஒருவன் குகை முகப்பில் கூரை அமைத்துக் கொடுத்த செய்தி காணப்படுகிறது. மன்னனின் சுற்றத்தார் முதல் வெல்லம் விற்றவன் வரை அனைவரும் பங்கு கொண்ட அறம் இது.

இக்குகைத்தளங்களுட் பெரும்பாலானவை சமணர்க்குரியன என்பதே அறிஞர் பலரின் முடிபு. சமண ஒழுக்கம் இவ்வமைப்பை நன்கு விளக்குகிறது. சமணத் துறவி ஓரிடத்தில் நிலைத்துத் தங்குதல் கூடாது; நடந்துகொண்டே இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் அந்நடை நிற்கிறது. ஈரமண்ணில் முளைக்கும் பயிரும் ஊரும் சிற்றுயிரும் காலடியில் மடியும் என்பதனாலேயே அக்கட்டுப்பாடு. ஆகவே நான்கு திங்கள் ஓரிடத்தில் அமைதியாக இருந்து கற்றலும் தியானித்தலும் நோற்றலும் அவர்க்கு விதிக்கப்பட்டன. ஆயினும் அவர் சமைத்துண்ணலாகாது. உணவைச் சேமித்து வைத்தலும் ஆகாது. நாள்தோறும் இல்லறத்தாரின் வாயிலுக்குச் சென்றே உணவு பெற வேண்டும். எனவே அவருடைய குன்று ஊரின் இரைச்சல் கேளாத தொலைவிலும், உணவு ஏற்று அன்றே திரும்பும் அண்மையிலும் இருந்தாக வேண்டும். இவ்விரண்டு தொலைவுகளுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பே அவரது தனிமை.

இக்குன்றுகள் பழைய வணிகப் பெருவழிகளை ஒட்டி அமைந்திருப்பதை இரா. சம்பகலட்சுமி போன்ற வரலாற்றறிஞர் சுட்டியுள்ளனர். அது மறுக்கவியலாத உண்மை. ஆனால் அதைக்கொண்டு இவற்றை வணிகர் தங்கிச்சென்ற சாவடிகளாகவே கொள்ளும் போக்கு நமக்கு உடன்பாடன்று. வண்டியும் பொதிமாடும் கொண்டு செல்வோர் செங்குத்தான பாறையேறி, ஓர் உடல் மட்டுமே கிடக்கக்கூடிய படுக்கையை நாடினர் என்பது பொருந்துமாறில்லை. வணிகர் அவ்வழியே சென்றனர், கொடுத்தனர், போயினர். தங்கியவர் வேறு.

தங்கியவரை மிக அருகில் காணவேண்டுமாயின் மதுரையை விட்டுப் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள சித்தன்னவாசலுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தை அடையக் குன்றின் மறுபுறச் சரிவில் பாறையில் வெட்டிய படிகளைக் கால் பற்றி நடக்க வேண்டும். உள்ளே பதினேழு படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, எருமை நாட்டில் பிறந்த துறவி ஒருவருக்கு அவ்விருக்கையை அமைத்தளித்த செய்தியைத் தருகிறது. எருமை நாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பர். அத்தனை தொலைவு நடந்து வந்தவர்க்கு இறுதியில் தேவைப்பட்டது ஆறடிக் கல். பல நூற்றாண்டுகள் கழித்து வேறு சில படுக்கைகளின் அருகே, பிற்கால எழுத்துகளில், துறவியர் சிலரின் பெயர்கள் மட்டும் பொறிக்கப்பட்டன. அனைத்தையும் துறந்தவருக்கும் தமக்கென ஓரிடம் இருந்தது என்பதற்கு இதனினும் நெருக்கமான சான்று நமக்குக் கிட்டவில்லை.

கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் நிலைமை மாறுகிறது. அச்சணந்தி முதலிய சமண ஆசிரியர்களின் பெயரோடு தீர்த்தங்கரர் உருவங்கள் பாறைகளில் புடைப்புச் சிற்பங்களாக எழுகின்றன, கீழே வட்டெழுத்துகள். ஒதுங்கியிருந்த குகை மக்கள் வந்து வணங்கும் தலமாயிற்று. பின்னர்ச் சமணம் தளர்ந்தது. படுக்கைக்குரியவர் யார் என்பதும் மறந்தது. ஊர்மக்கள் அவற்றைப் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்றனர். வரலாற்று நோக்கில் அது பிழையே. எனினும், நாட்டை இழந்து காட்டில் வாழ்ந்தவர்க்கே இவ்விடம் உரியது என்று அவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

தமிழாசிரியர்க்கு இங்கே ஒரு சொல்லும் கிடைக்கிறது. பள்ளி என்பது படுக்கையையும் துயிலையும் குறிக்கும். பள்ளியறை, பள்ளியெழுச்சி ஆகியவற்றில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்ததாக வரும் ‘பளி’ துறவியரின் உறைவிடம். இரட்டிக்கும் மெய்யை ஒற்றையாக எழுதுவது அக்கால வழக்கு. துறவியர் கற்பிப்போராகவும் விளங்கினமையால் அச்சொல் கல்விக்கூடத்துக்கு ஆயிற்று என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரவரும் குரத்தியரும் மாணாக்கரும் பேசப்படுவதால் அவ்விளக்கம் ஏற்புடையதாகவே தோன்றுகிறது. மலேசியாவின் தோட்டப்புறங்களில் நம் முன்னோர் ஒற்றைக் கொட்டகையில் தொடங்கிய தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையிலும் அக்கற்படுக்கையே கிடக்கிறது.

மாங்குளம் கல்வெட்டுகள் அமைந்துள்ள மீனாட்சிபுரமும் அதனை அடுத்த அரிட்டாபட்டியும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலப்பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட செய்தி வெளிவந்தது. மேலூர் வட்டாரத்து உழவர்கள் திரண்டனர். வணிகர்கள் கடைகளை அடைத்தனர். 2025 ஜனவரி 7ஆம் நாள் பெருந்திரளான மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். அம்மாதம் 23ஆம் நாள் இந்திய நடுவண் அரசு அவ்வேலத்தை நீக்கியது. நெடுஞ்செழியனின் பணியாளன் அமைத்துக் கொடுத்த படுக்கைகள் இன்றும் அக்குன்றில் உள்ளன.