நயாகராவைப் பார்க்காமல் ஆற்றைக் கடந்தவர்கள்

ரொறொன்ரோவில் இருக்கும் எங்கட சனத்துக்கு, ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் நயாகரா காட்டாமல் அனுப்புவது பெரிய குறை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நானும் இந்தச் சேவையைச் செய்து வருகிறேன். வானுக்குள் புளிச்சோறு, ரோல்ஸ், தேத்தண்ணிப் போத்தல். போய் இறங்கியதும் வாகனத் தரிப்பிடக் கட்டணத்தைப் பார்த்து ஒரு முணுமுணுப்பு. பிறகு குதிரை லாட வடிவில் 57 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர். கனடாப் படகில் போனால் சிவப்பு மழையங்கி, அமெரிக்கப் படகில் போனால் நீல மழையங்கி. கிளிஃப்டன் ஹில்லில் மெழுகுப் பொம்மைகள், இராட்சத இராட்டினம், இரவில் அருவிக்கு வர்ண விளக்கு. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

போன கோடையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியம்மா கேட்டா: "தம்பி, நீ கனடாவுக்கு வந்த அண்டைக்கே இதைப் பாத்திருப்பாய், என்ன?"

"இல்லைப் பெரியம்மா."

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதக் குளிரில், பஃபலோவிலிருந்து பீஸ் பாலத்தால் ஃபோட் ஈரிக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்தவன் நான். அருவி அங்கிருந்து அரை மணி நேர ஓட்டம். ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது என் சப்பாத்தை மட்டும்தான். திருப்பி அனுப்பி விடுவார்களோ என்ற பயத்தில் தலை நிமிரவில்லை.

இந்த ஆற்றைத் தலை குனிந்து கடந்தவன் நான் மட்டுமல்ல என்பது பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது.

1793 மார்ச் 14. அருவிக்குக் கீழே குயின்ஸ்ரன் கரையில் குளோயி கூலி என்ற கறுப்பின அடிமைப் பெண்ணைக் கட்டிப் படகில் ஏற்றி, அக்கரையில் விற்றுவிட்டான் அவளுடைய எசமான். அவள் கத்திக் குளறிப் போராடியதைக் கண்டவர்கள் ஆளுநர் சிம்கோவிடம் சொன்னார்கள். அதே வருடம் மேல் கனடாவில் சட்டம் வந்தது: இனிமேல் புதிதாக அடிமைகளைக் கொண்டு வரக்கூடாது. ஏற்கனவே அடிமையாக இருந்தவர்களை அது விடுவிக்கவில்லை. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் 25 வயதில்தான் விடுதலை. பிரித்தானியப் பேரரசின் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834இல்தான் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இருந்தால் போதுமா? 1837இல் சொலமன் மோஸ்பி என்பவர் கென்ரக்கியிலிருந்து எசமானின் குதிரையில் தப்பி வந்தார். குதிரைக் கள்ளன், பிடித்துத் தா என்று எசமான் பக்கம் கேட்டது. ஆளுநர் பொண்ட் ஹெட் சம்மதித்தார். இன்று நயாகரா ஒன் த லேக் எனப்படும் ஊரின் சிறைக்கு முன்னால், கறுப்பின மக்கள் ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கில் கிழமைக் கணக்காகக் காவல் இருந்தார்கள். மோஸ்பியை ஏற்றிய வண்டில் வெளியே வந்தபோது மறித்தார்கள். அவர் தப்பிவிட்டார். ஹேர்பேட் ஹோம்ஸ், ஜேக்கப் கிறீன் என்ற இருவர் கொல்லப்பட்டார்கள்.

அருவிக்குச் சற்றுக் கீழே, ஆற்றுக்கு மேலாக முதல் தொங்குபாலம் 1848இல் வந்தது. அதற்கான முதல் நூலை அக்கரை சேர்த்தது ஹோமன் வோல்ஷ் என்ற பெடியன் விட்ட பட்டம். வல்வெட்டித்துறைப் பட்டக்காரர் கேட்டால் சந்தோசப்படுவார்கள். 1855இல் றோப்ளிங் அதே இடத்தில் இரண்டு தட்டுப் பாலம் கட்டினார். மேலே ரயில், கீழே வண்டில்.

அந்த ரயிலில்தான் 1856இல் ஹரியற் ரப்மன், ஜோ என்பவரையும் வேறு சிலரையும் தப்புவித்துக் கொண்டு வந்தார். ஜோவின் தலைக்கு 1500 டொலர் விலை. பாலத்தில் எல்லோரும் யன்னலால் அருவியைப் பார்க்க, ஜோ தலையைக் கைகளில் புதைத்தபடி இருந்தார். ரப்மன் கூப்பிட்டும் நிமிரவில்லை. நடு எல்லை தாண்டியாயிற்று என்று அவரை உலுக்கிச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார், அழுதார், பாடினார்.

அந்த இடத்தை வாசித்தபோது எனக்கு என் சப்பாத்து ஞாபகம் வந்தது.

திரும்பி வரும்போது வானுக்குள் எங்கட ஆள் ஒருவர், "இப்ப வாற அகதியளாலைதான் நாடு கெட்டுப்போச்சு" என்றார். நான் வந்த மாதிரி இன்று வர முடியாது என்று அவருக்குச் சொன்னேன். 2004 கடைசியில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தத்தின்படி, அமெரிக்காவிலிருந்து பாலத்தால் வந்து அகதிக் கோரிக்கை வைப்பவரை, கனடாவில் நெருங்கிய உறவு போன்ற விதிவிலக்கு இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள். 2023இல் அதை முழு எல்லைக்கும் நீட்டிவிட்டார்கள். பத்து வருடம் பிந்தி வந்திருந்தால் என் கதையும் வேறுதான். வானுக்குள் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அடுத்த முறை விருந்தாளியைக் கூட்டிப் போகும்போது நயாகரா ஒன் த லேக்குக்கும் ஒருக்கால் போய் வாருங்கள். சென் கதரின்ஸில் ரப்மன் வழிபட்ட சேலம் சப்பல் தேவாலயம் இன்றும் இருக்கிறது. அங்கே வர்ண விளக்கு இல்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்காக முன்பே வழி மறித்து நின்றவர்களின் கதை இருக்கிறது.

"அப்ப நீ எப்பதான் முதல் பாத்தனி?" என்று பெரியம்மா விடாமல் கேட்டா.

"கேஸ் ஓமெண்ட பிறகு, பெரியம்மா."